ஏப்பம் வராவிட்டாலும் குழந்தை உறங்கலாம்

முதல் குழந்தையைப் பெற்று எங்கள் பிரிவில் தங்கும் தாய்மார்கள், வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது பல ஐயங்களை எழுப்புகின்றனர். தாய்ப்பால் போதுமா, தொப்புள்கொடி எப்போது விழும், குழந்தையை எவ்வாறு குளிப்பாட்டுவது என்னும் கேள்விகளோடு இன்னொன்றும் தவறாமல் வருகிறது: "பால் குடித்த பிறகு ஏப்பம் வராவிட்டால் என்ன செய்வது?" ஏப்பம் எடுக்காமல் படுக்க வைத்தால் குழந்தைக்குப் புரையேறி மூச்சு நின்றுவிடும் என்று யாரோ சொல்லக் கேட்ட அச்சம் அந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கிறது.

ஏப்பம் எடுக்கச் செய்வது எளிய வேலை. இரண்டு நாட்களில் எந்தத் தாயின் கையும் அதற்குப் பழகிவிடும். ஆனால் அதைச் சுற்றியுள்ள அச்சம் அவ்வளவு எளிதில் விலகுவதில்லை. நள்ளிரவில் உறக்கம் கண்ணைச் சுழற்ற, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏப்பத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் தாய்மார்கள் உண்டு. ஆகவே எவ்வாறு தட்டுவது என்பதோடு, எப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் நாங்கள் சேர்த்தே கற்பிக்கிறோம்.

வயிற்றில் காற்று சேர்வது ஏன்?

குழந்தை பாலை உறிஞ்சும்போது சிறிதளவு காற்றையும் விழுங்குகிறது. பசி முற்றி அழுத பின் பால் கொடுத்தாலும், மார்பைச் சரியாகப் பற்றாமல் காம்பை மட்டும் சப்பினாலும், பால் மிக வேகமாகச் சுரந்தாலும் விழுங்கும் காற்றின் அளவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள் பொதுவாக அதிகக் காற்றை விழுங்குகின்றன. சங்கிலோ பாலாடையிலோ புகட்டும்போது அவசரப்பட்டு ஊற்றினாலும் இதுவே நிகழும்.

பெரியவர்கள் நிமிர்ந்து அமர்ந்து உண்பதால் வயிற்றில் சேரும் காற்று தானாக மேலெழுந்து வெளியேறுகிறது. பச்சிளங்குழந்தை மல்லாந்து படுத்திருக்கையில், உணவுக்குழல் இரைப்பையோடு சேரும் வாயிலைப் பால் மூடிக்கொள்கிறது. காற்று வயிற்றின் முன்பக்கம் தங்கிவிடுகிறது. குழந்தையை நிமிர்த்தினால் பால் கீழே இறங்கும். காற்று அந்த வாயிலை அடையும். ஆகவே நிமிர்த்திப் பிடிப்பதே முதன்மையான செயல். முதுகில் தட்டுவது அதற்குத் துணைதான்.

முதல் ஓரிரு நாட்களில் குழந்தை ஒவ்வொரு முறையும் குடிக்கும் சீம்பால் சில மில்லி லிட்டர்களே. அதில் சேரும் காற்றும் மிகக் குறைவு. எனவே பிறந்த மறுநாளே "இன்னும் ஒரு ஏப்பம்கூட வரவில்லையே" என்று கவலைப்படத் தேவையில்லை.

மூன்று முறைகள்

எந்த முறையைக் கையாண்டாலும் சில விதிகள் பொதுவானவை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தோளிலோ மடியிலோ துவைத்த பருத்தித் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தலையும் கழுத்தும் எப்போதும் தாங்கப்பட்டிருக்க வேண்டும். மூக்கும் வாயும் துணியிலோ உங்கள் உடலிலோ அழுந்தக் கூடாது.

முதலாவது, தோளில் சாய்த்தல். குழந்தையின் மோவாய் உங்கள் தோளின்மேல் படியுமாறு நிமிர்த்தி அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை குழந்தையின் பின்புறத்தைத் தாங்கட்டும். மற்றொரு கையின் விரல்கள் கழுத்தைத் தாங்க, உள்ளங்கை முதுகில் படியட்டும். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மெல்லத் தட்டுங்கள் அல்லது கீழிருந்து மேலாக நீவுங்கள்.

இரண்டாவது, மடியில் அமர்த்துதல். குழந்தையை உங்கள் தொடைமேல் பக்கவாட்டில் அமர்த்தி, சற்றே முன்னோக்கிச் சாயுங்கள். ஒரு கையின் அடிப்பகுதி குழந்தையின் மார்பைத் தாங்க, கட்டைவிரலும் மற்ற விரல்களும் தாடை எலும்பை இருபுறமும் பிடித்திருக்கட்டும். விரல்கள் தாடையில் இருக்க வேண்டும்; தொண்டையை அழுத்தக் கூடாது. மறு கையால் முதுகை நீவலாம். குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்க முடிவதால், புதிதாகக் கற்கும் தாய்மாருக்கு இம்முறையையே முதலில் சொல்லித் தருகிறோம். அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற தாய்மாருக்கும் இதுவே ஏற்றது. குழந்தையைத் தோள்வரை தூக்கும்போது தையல் இழுபடும் வலி இதில் இல்லை. முதல் சில நாட்கள் குழந்தையை எடுத்து மடியில் வைப்பதை உடனிருப்பவர் செய்யட்டும்.

மூன்றாவது, மடியில் குப்புறக் கிடத்துதல். குழந்தையின் வயிறு உங்கள் தொடைமேல் படிய, தலை உடலைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு குறுக்கே கிடத்தி, முதுகை நீவுங்கள். நீங்கள் விழித்திருந்து, பார்வை குழந்தைமேல் இருக்கும்போது மட்டுமே இம்முறை பொருந்தும். உறங்க வைப்பதற்கு உரிய நிலை இதுவன்று.

தட்டும்போது உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்துக்கொள்ளுங்கள். உங்கள் கன்னத்தில் அதே வேகத்தில் தட்டிப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் குழந்தைக்கும் வலிக்கும். பலமாகத் தட்டினால் ஏப்பம் விரைவில் வரும் என்பது தவறு. வயிற்றை அழுத்துவதும், குழந்தையைக் குலுக்குவதும் கூடவே கூடாது.

இவற்றை நாங்கள் சொல்லிக் காட்டுவதோடு நிறுத்துவதில்லை. தாயே குழந்தையை எடுத்துச் செய்ய வேண்டும். எங்கள் கை அருகில் காத்திருக்கும், குறுக்கிடாது. செவிலியர் செய்வதைப் பத்து முறை பார்ப்பதைக் காட்டிலும், ஒருமுறை தானே செய்து பார்த்த தாய்க்கு வீட்டில் துணிவு மிகும்.

எப்போது, எவ்வளவு நேரம்?

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, ஒரு மார்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஒருமுறையும், குடித்து முடித்தபின் ஒருமுறையும் முயன்றால் போதும். மருத்துவக் காரணங்களால் புட்டிப்பால் பெறும் குழந்தைக்கு 60 முதல் 90 மில்லி லிட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நிமிர்த்தலாம். ஆர்வமாகக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை ஏப்பத்துக்காக மார்பிலிருந்து பிரிக்க வேண்டாம். பிரித்தால் அது அழும். அழுதால் மேலும் காற்றை விழுங்கும். குடிக்கும்போது நெளிந்தாலும், முகம் சுளித்துக் காம்பை விட்டாலும் அப்போது நிமிர்த்திப் பாருங்கள்.

ஐந்து நிமிடம் முயலுங்கள். வராவிட்டால் பிடித்திருக்கும் நிலையை ஒருமுறை மாற்றி, மேலும் சில நிமிடங்கள் பாருங்கள். மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. சில குழந்தைகள் ஒவ்வொரு முறையும் ஓசையுடன் ஏப்பம் விடும்; சில எப்போதாவது விடும். சில நேரம் ஓசையின்றியே காற்று வெளியேறிவிடும். வெளியேறாத காற்று குடல் வழியாகக் கீழே சென்று பிரியும். நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள், குழந்தை தலை நின்று உட்காரப் பழகும்போது, இந்த உதவியின் தேவையே பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

ஏப்பம் வராவிட்டால்?

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து உறங்க விடலாம். இந்த விடையைக் கேட்டு வியப்படையும் தாய்மார்களே மிகுதி.

ஏப்பம் எடுக்கச் செய்வதால் கிடைக்கும் பயனைச் சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆய்ந்திருக்கின்றனர். 71 தாய்மாரையும் அவர்களுடைய நலமான குழந்தைகளையும் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு மட்டும் ஏப்பம் எடுக்கும் முறையைக் கற்பித்து, மூன்று மாதங்கள் கவனித்தனர். குழந்தைகளின் காரணமறியா அழுகை இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. பால் கக்குவதோ, ஏப்பம் எடுக்கச் செய்த குழுவில் கூடியிருந்தது. இது சிறிய ஆய்வுதான். இதனால் ஏப்பம் எடுக்கச் செய்வது தீங்கு என்று கொள்ள வேண்டியதில்லை. குடித்தபின் நெளிந்து சிணுங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தவுடன் அது அமைதியடைவதைத் தாய்மார் நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் ஏப்பம் வராவிட்டால் குழந்தைக்குக் கேடு விளையும் என்று அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை.

மல்லாந்து உறங்கும்போது கக்கினால் புரையேறாதா என்ற ஐயம் இயல்பானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. மேலெழும் பால் மூச்சுக்குழலுக்குள் நுழைய வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். குப்புறக் கிடக்கும்போது இந்த அமைப்பு தலைகீழாகி, பால் மூச்சுக்குழலின் வாயருகே தேங்குகிறது. நலமான குழந்தை கக்கிய பாலை இயல்பாகவே விழுங்கிவிடும் அல்லது இருமி வெளியேற்றிவிடும். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு, குழந்தைகளை மல்லாக்க உறங்க வைக்குமாறு பெற்றோருக்கு நாடெங்கும் அறிவுறுத்தத் தொடங்கினர். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில், உறக்கத்தில் காரணம் புலப்படாமல் நேரும் குழந்தை இறப்புகள் அங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆகவே ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும், பகலானாலும் இரவானாலும், உறங்க வைப்பது மல்லாக்கவே.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஏப்பம் வரும்வரை குழந்தையைக் கீழே வைக்கக் கூடாது என்று எண்ணும் தாய், சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையை மார்பில் சாய்த்தபடி தன்னையறியாமல் உறங்கிவிடக்கூடும். குழந்தை நழுவி விழலாம். மெத்தையின் இடுக்கிலோ தாயின் உடலிலோ முகம் புதைந்து மூச்சடைக்கலாம். வெளிவராத ஏப்பத்தைவிட இது பன்மடங்கு ஆபத்தானது. கண் சொருகத் தொடங்கினால் விழித்திருக்கும் ஒருவரிடம் குழந்தையைக் கொடுங்கள். அப்படி எவரும் இல்லையெனில், சமமான, அழுத்தமான படுக்கையில், தலையணையும் தளர்ந்த துணிகளும் இல்லாத இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

தூளியைப் பற்றியும் ஒரு சொல். தூளியில் குழந்தையின் உடல் வளைந்து மோவாய் மார்பில் முட்டினால் மூச்சுப்பாதை குறுகும். பால் குடித்தவுடன் தூளியில் இடுவதைத் தவிருங்கள். நீண்ட உறக்கத்துக்குச் சமமான படுக்கையே பாதுகாப்பானது.

பால் கக்குவது எல்லாம் வாந்தி அன்று

உணவுக்குழலும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள தசை பச்சிளங்குழந்தைக்கு இன்னும் உறுதிப்படவில்லை. அதனால் ஏப்பத்தோடு சிறிது பாலும் வாயோரம் வழிகிறது. சில நேரம் திரிந்த பாலாகவும் வரும். நான்கு மாத வாக்கில் இது மிகுந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடுகிறது. இரண்டு தேக்கரண்டிப் பால் துணியில் படர்ந்தால் குடித்தது முழுவதும் வந்துவிட்டதுபோல் தோன்றும். அவ்வளவு பால் வீணாகியிருக்காது.

துணியிலுள்ள கறையைக் கொண்டு குழந்தையின் நலத்தை அளவிட வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா? பிறந்தவுடன் சற்றே குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பிறப்பு எடையைத் தொட்டதா? பாலுக்காக விழித்து ஆர்வமாகக் குடிக்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்றால், கக்கினாலும் குழந்தை நலமாகவே வளர்கிறது. குடித்தபின் இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தி அணைத்திருந்தால் கக்குவது சில குழந்தைகளுக்குக் குறையும். குறை மாதத்தில் பிறந்த குழந்தையை இதற்காகத் தாயின் மார்போடு தோல்படக் கங்காரு முறையில் வைத்திருக்கலாம்.

இவை வேண்டாம்

குழந்தை அழுதால் வீட்டில் உள்ளோர் மனம் பதறுவது இயல்பே. அந்தப் பதற்றத்தில் செய்யப்படும் சில செயல்கள் தீங்கில் முடிகின்றன.

காற்றை வெளியேற்றுவதாக எண்ணிக் காதிலும் மூக்கிலும் வாயால் ஊத வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். உரம் விழுந்துவிட்டது என்று கூறிக் குழந்தையைச் சேலையில் இட்டு உருட்டுவதும், தொக்கம் எடுக்க அழைத்துச் செல்வதும் பச்சிளங்குழந்தையின் கழுத்துக்கும் மூச்சுப்பாதைக்கும் ஆபத்தானவை.

வசம்பு உரைத்துப் புகட்டுவது, சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தருவது ஆகியவையும் வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கவல்லது. கிரைப் வாட்டர் 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் உருவானது. தொடக்கத்தில் அதில் சாராயம் சேர்க்கப்பட்டிருந்தது. குழந்தைகள் அமைதியடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அது நீக்கப்பட்டுவிட்டது. எனினும் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தைக்குத் தேவையில்லை. மருத்துவர் எழுதித்தரும் மருந்துகள் மட்டுமே இதற்கு விலக்கு.

மற்றொன்றையும் அறிந்திருங்கள். நலமான குழந்தையும் முதல் மூன்று மாதங்களில், சிறப்பாக ஆறாவது வார வாக்கில், மாலை வேளைகளில் நெடுநேரம் அழலாம். அதற்குக் காரணம் வயிற்றுக் காற்று என்றோ, தாய் உண்ட உணவு என்றோ யாரும் தாயைக் குறை கூற வேண்டாம். அழுகை பொறுக்க முடியாமல் போனால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள். ஒருபோதும் குழந்தையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். அது மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கும்.

குடும்பத்தாருக்கு

பால் கொடுப்பது தாயால் மட்டுமே இயலும். ஏப்பம் எடுக்க நிமிர்த்திப் பிடிப்பது தந்தை, பாட்டி, அத்தை, சித்தி என எவராலும் இயலும். இரவில் குழந்தை குடித்து முடித்ததும் தந்தை அதனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டால், தாய்க்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேர உறக்கம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் பார்வை நேரத்தில் வரும் தந்தையரையும் அழைத்து இதைக் கற்பிக்கிறோம்.

மாமியாருக்கும் தாயாருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் இது. பல குழந்தைகளை வளர்த்த கைகள் உங்களுடையவை. அந்தக் கைகள் மருமகளின், மகளின் கைகளுக்குத் துணையாகட்டும். "ஏப்பம் எடுக்கத் தெரியவில்லையே" என்னும் ஒரு சொல், பேறுகாலக் களைப்பில் இருக்கும் பெண்ணை நெடுநாள் வாட்டும். "கொடும்மா, கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன்" என்னும் சொல்லே அவளுக்கு அப்போது வேண்டியது.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ இருத்தல். பச்சை நிற வாந்தி குடல் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.
• ஒவ்வொரு முறை குடித்தபின்னும் பால் பீறிட்டுத் தொலைவில் விழுதல், சிறப்பாக இரண்டாம் வாரத்துக்குப் பின்.
• வயிறு உப்பி இறுகியிருத்தல்.
• பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடத்தல்.
• நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவின்கீழ்க் குழி விழுதல்.
• உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருத்தல், அல்லது உடல் சில்லிட்டிருத்தல்.
• வலிப்பு, உதடு நீலம் பூத்தல், சிறுநீர் வெகுவாகக் குறைதல்.

பால் புரையேறும்போது குழந்தை இருமினாலும் அழுதாலும் காற்று போய்வருகிறது என்று பொருள். நிமிர்த்திப் பிடித்து இருமவிடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இருமவோ அழவோ இயலாமல் முகம் நீலமானால், குழந்தையை உங்கள் முன்கையில் தலை தாழ்ந்திருக்கக் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கியபடி தோள்பட்டைகளுக்கு இடையே ஐந்து முறை அழுத்தமாகத் தட்டுங்கள். சரியாகாவிட்டால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள். மூச்சு திரும்பும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். குழந்தை உணர்விழந்தால் உடனே நெஞ்சழுத்த உயிர்காப்பு முதலுதவி தேவை. இதற்கிடையில் உடனிருப்பவர் 108ஐ அழைக்கட்டும். இம்முதலுதவியைப் பொம்மையில் செய்து பழகிய பிறகே வீட்டுக்குப் புறப்படுங்கள். எங்கள் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வீடு திரும்பியபின் இரவில் ஐயம் எழுந்தால் இவற்றை நினைவில் கொள்ளுங்கள்: குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள், மெல்லத் தட்டுங்கள், பத்து நிமிடம் பாருங்கள், ஏப்பம் வராவிட்டாலும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிறகு நீங்களும் சற்றுக் கண்ணயருங்கள்.